பதினொரு தட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். எனக்கு இரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன். திகில் பட ரசிகன் என்றால் கத்தியும் கையுமாக அலைகிறவன் என்று உங்கள் போலீஸ்காரர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. காலையில் என் சமையலறைக் கத்திகளையெல்லாம் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். ரொட்டி வெட்டுகிற கத்தியை மட்டுமாவது சீக்கிரம் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பெயர் டெஸ்மண்ட் பிளாட். வயது ஐம்பத்து மூன்று. நூலகத்தில் வேலை. 'மதகுக்காரன்' ரசிகர் மன்றத்தின் செயலாளர், இருபத்திரண்டு வருடங்களாக. நீங்கள் இந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றீர்கள். படம் எடுத்த இந்த லிங்கன்ஷயரிலேயே இருந்துகொண்டு அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. போகட்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். சதுப்புநிலத்தில் ஒரு பழைய மதகு. அதனடியில் ஒருவன். மெழுகுத்துணிக் கோட்டு, தலையில் கோணிப்பை. வருகிறவர்களை வாய்க்காலில் மூழ்கடிப்பான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பேசமாட்டான், முகத்தைக் காட்டமாட்டான். அவ்வளவுதான் படம். முதல் பாகம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மாதம் குளியல் தொட்டியில் இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, கல்யாணம் உட்பட.

நீங்கள் கேட்ட சடங்கைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் 'சித்திரவதை விளையாட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில், மதகுக்கு அடியில் இருக்கிற செங்கல் அறையில் ஒரு பெண் மாட்டிக்கொள்வாள். மேலே இரும்பு மூடி. தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். மூடியைப் பதினொரு தடவை தட்டுவாள். பிறகு அமைதி. படம் முடிந்துவிடும். அந்தக் காட்சியை எடுத்த அதே மதகில், ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் கூடுவோம். உறுப்பினர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு அறைக்குள் இறங்குவார். மன்றத்து ஆள் பாரி மேலிருந்து மூடியைத் தாழிடுவான். நான் மதகைத் திறக்கிற சக்கரத்தைத் திருப்புவேன், வாய்க்கால் நீர் உள்ளே வரும். இறங்கியவர் தட்டுவார், நாங்கள் எல்லோரும் சத்தமாக எண்ணுவோம். பதினொன்று வந்ததும் நான் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கையை உயர்த்துவேன், பாரி திறப்பான். அதற்குள் தண்ணீர் இடுப்பளவுதான் வந்திருக்கும். பிறகு கம்பளி, சூடான தேநீர், சாசேஜ் ரோல். இத்தனை வருடங்களில் ஒருவருக்கும் சளிகூடப் பிடித்ததில்லை.

கத்தினால் கணக்கில் சேராது, ஏனென்றால் படத்திலும் அவள் கத்துவாள். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். விதிகளை எழுதியவன் நான்தான். ஆபத்து வந்தால் காட்ட வேறு அடையாளம் எதுவும் இல்லையா என்று கேட்டீர்கள். பதினொன்றுதான் அடையாளம். வேறு எதற்கு?

இப்போது ஜோலியன் ஹெரிக்கிடம் வருகிறேன்.

பத்தொன்பது வருடங்கள் கழித்து ஏழாம் பாகம் வருகிறது என்ற செய்தி வந்தபோது நான் நூலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதை மறைக்கவில்லை. இயக்குநர் ஜோலியன், முப்பத்து நான்கு வயது, நல்ல பல்வரிசை. போன வருடம் என் வீட்டில் மூன்று நாள் தங்கினார். என் இருபத்திரண்டு நோட்டுகளையும் அவர் முன்னால் வைத்தேன். எந்தப் பாகத்தில் கோட்டில் எத்தனை பொத்தான், எந்தக் காட்சியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. என் சீஸ் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே அவர் சொன்னார்: "டெஸ், நீங்க இல்லன்னா இந்தப் படமே இல்ல."

இந்தச் சனிக்கிழமை காலை, சடங்குக்கு முன்னால், மன்றத்துக்கென்று தனிக் காட்சி போட்டார்கள். நாற்பத்தொரு பேர் வந்திருந்தோம்.

என்ன செய்து வைத்திருந்தார் தெரியுமா மேடம்? மதகுக்காரனுக்கு ஒரு அம்மாவைக் கொடுத்திருந்தார். அவள் அவனைச் சின்ன வயதில் அலமாரியில் அடைப்பாளாம். அதனால்தான் அவன் அப்படி ஆனானாம். கடைசியில் கோணிப்பையைக் கழற்றிவிட்டு அழுகிறான். "மன்னிச்சிடு" என்று வேறு சொல்கிறான். நாற்பது வருடம் ஊரையே நடுங்க வைத்தவனை மூக்குச் சிந்த வைத்துவிட்டார். முதல் பாகத்தின் அந்தக் காட்சியையும் திரும்ப எடுத்திருந்தார். அந்தப் பெண் ஏழு தடவைதான் தட்டினாள்.

இன்னொரு பாத்திரமும் உண்டு. உங்களிடம் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பழுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு குண்டு ஆள். நோட்டும் பென்சிலுமாக மதகடியில் நின்றுகொண்டு, கொல்ல வந்த மதகுக்காரனிடமே கோட்டில் பொத்தான் ஒன்று குறைகிறது என்று சொல்கிறான். மதகுக்காரன் அவனைத்தான் முதலில் மூழ்கடிக்கிறான். நோட்டு மட்டும் மிதக்கிறது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அது நான் இல்லை. அவன் பூனை வளர்க்கிறான். எனக்குப் பூனை ஆகாது, தும்மல் வரும். இதை ஜோலியன் என் வீட்டில் இருந்தபோதே தெரிந்துகொண்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் அவர் என் தோளில் கை போட்டார்.

"என்ன டெஸ், மூஞ்சியே சரியில்லையே? படம் பிடிக்கலையா?"

"தட்டு ஏழுதான் இருந்துச்சு."

"எந்தத் தட்டு?"

"கடைசிக் காட்சியில. பதினொண்ணு இருக்கணும்."

அவர் சிரித்தார். "அதுவா! ரொம்ப நீளமா இருந்துச்சு, வெட்டிட்டோம். நாலு தட்டு கொறஞ்சா குடியா முழுகிடும்?"

லினெட் பக்கத்தில் நின்றிருந்தாள். மன்றத்தின் துணைச் செயலாளர், பதினான்கு வருடப் பழக்கம். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "டெஸ்கிட்டயே வந்து நாலு தட்டுதானேங்கிறீங்களே, துணிச்சல்தான் உங்களுக்கு. டெஸ், அந்தச் சட்டைகூட உன்னோடதுதான்டா! அச்சு அசல்!"

"கிண்டல் இல்ல டெஸ்," என்றார் ஜோலியன். "அது ஒரு மரியாதை. சத்தியமா."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்காக நான் எதையும் செய்யவில்லை. மதகுக்காரனுக்கு வாய் கிடையாது. அவனுக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா? தயாரிப்பாளர்கள் பேசமாட்டார்கள், விமர்சகர்கள் பேசமாட்டார்கள். நாற்பது வருடமாக அவனை வைத்துக் காப்பாற்றியவன் நான்.

இந்த வருடம் இறங்க வேண்டியது பாரியின் முறை. நான்தான் மாற்றினேன். "இயக்குநரே எறங்கட்டும், மன்றத்துக்குப் பெருமை" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஜோலியனுக்கும் ஆசைதான். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"படத்துல இருக்கிற மாதிரியே தட்டுங்க. முடிச்சதும் தெறந்துடுவோம்," என்றேன்.

எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு உண்மையான ரசிகனுக்கு அந்தச் சந்தேகமே வராது.

மதியம் மூன்று மணிக்கு மதகடிக்குப் போனோம். தூறல். கைபேசிகளை வழக்கம்போல நான் பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டேன், அது மன்றத்தின் விதி. வெள்ளைச் சட்டையோடு ஏணியில் இறங்கும்போது அவர் மேலே பார்த்து, "யோவ், குளிருதுய்யா, சீக்கிரம்!" என்றார். பாரி மூடியைத் தாழிட்டான். நான் சக்கரத்தைத் திருப்பினேன். கடல் ஏற்றம் உச்சத்தில் இருந்த நாள், தண்ணீர் வேகமாக வந்தது.

தட்டினார். நாங்கள் எண்ணினோம். ஏழு. நின்றுவிட்டது.

"இன்னும் நாலு பாக்கி," என்றான் பாரி.

"எடுத்தவருக்கே படம் தெரியலப்பா!" என்று யாரோ கத்தினார்கள். குடைகளுக்கு அடியில் ஒரே சிரிப்பு. இந்தமுறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கீழிருந்து குரல் வந்தது. "டெஸ்! முடிச்சுட்டேன்! தெறங்க!"

"நல்லாத்தான் நடிக்கிறாரு," என்றாள் லினெட். பிறகு அவர் படபடவென்று தாறுமாறாகத் தட்டத் தொடங்கினார். பாரி என் முகத்தைப் பார்த்தான். "விட்டு விட்டுத் தட்டினா சேராது, மொதல்லேருந்து வரணும்," என்றேன். விதி எல்லோருக்கும் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று நீங்கள் கேட்கக்கூடாது, ஏனென்றால் யாரும் மறுக்கவில்லை.

நான்கு தட்டு. அவர் வெட்டியெறிந்த நான்கு தட்டுதான் அவரைக் கொன்றது. இதை நீதிமன்றத்திலும் நிமிர்ந்து நின்று சொல்வேன். என் வக்கீலும் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அது விபத்து, விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை என்று முடித்துவிடலாமாம். வக்கீல் வெளியே போயிருக்கும்போதே அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

லினெட் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு பிழை இருக்கிறது. இரண்டாவது தடவை ஜோலியன் ஒன்பது தட்டோடு நிறுத்திவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். பயத்தில் எண்ண மறந்திருப்பாள். அல்லது எண்ணியது சரிதான் என்று ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லை. எதுவானாலும், பதிவேட்டில் தப்பான எண்ணிக்கை ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தாறுமாறு ஓய்ந்தது. பிறகு தட்டினார். நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் படத்தில் இருக்கிற அதே இடைவெளியோடு. மனிதர் நினைவுபடுத்திக்கொண்டுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட அவ்வளவு சுத்தமாகத் தட்டியதில்லை. பதினொன்று. குறையாமல், கூடாமல் பதினொன்று. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாரியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. நான் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பவில்லை, அதிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கைதட்ட ஆரம்பித்தேன். அவர்களும் கைதட்டினார்கள், பாரிகூட. நாற்பது பேர் தட்டுகிற சத்தத்தில், அதற்குப் பிறகு கீழிருந்து வந்தது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.