பைய ஓடும் மோட்டார்

எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் அம்மியில்தான் சட்னி அரைக்கிறோம். ருசி கூடியிருக்கிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்ததில் நன்மையும் உண்டு என்பதைச் சபைக் குருவாகிய நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா.

தச்சநல்லூரில் எங்கள் மொட்டைமாடியில் நான் ஒரு தொலைநோக்கி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். காட்சியைத் தெளிவாக்க அதில் ஒரு திருகு உண்டு. வினையே அதில்தான். விரல் பட்டதும் குழாய் முழுக்க ஆடும். வியாழன் கிரகம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரித் துடிக்கும். ஆட்டம் நிற்கும்போது பார்த்தால் தெளிவு இருக்காது. மறுபடி திருக வேண்டும், மறுபடி ஆடும். வேதத்தில் யோபுவுக்கு எல்லாக் கஷ்டமும் வந்தது. தொலைநோக்கி மட்டும் இல்லை.

கை படாமல் திருக ஒரு மோட்டார் வேண்டும். அதுவும் பைய ஓடுகிற மோட்டார். கடைகளில் கேட்டால் வேகமாக ஓடுவதையே பெருமையாகக் காட்டினார்கள். அவ்வளவு பைய ஓடுகிற மோட்டார் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பெத்லகேம் நட்சத்திரத்தைக் கம்பியில் இழுக்கிற மோட்டார் அது. என் மனைவி சாரம்மாளின் தம்பி ஜெபஸ்டின் இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்கிறான். கிழக்குச் சுவரிலிருந்து மாட்டுத்தொழுவம் வரை நட்சத்திரம் போக எட்டு நிமிஷம். அவனுக்கு வேறு பெருமை கிடையாது.

நாடகத்தன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அதைக் கழற்றினேன். திருடவில்லை. பதிலுக்கு எங்கள் மிக்ஸி மோட்டாரை மாட்டினேன். பலத்தில் அது எவ்வளவோ மேல்.

நட்சத்திரம் கிழக்கிலிருந்து புறப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. தொழுவத்தைத் தாண்டி, கம்பியை அறுத்து, ஜன்னல் வழியே ரோட்டைக் கடந்து பிச்சைக்கண்ணுவின் புரோட்டாக் கடையில் விழுந்ததைத்தான் பார்த்தார்கள். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் மூன்று சாஸ்திரிகளில் மூத்தவரான அப்பாத்துரை வாத்தியார் ஒத்திகையில் சொன்னதை மீறமாட்டார். நட்சத்திரம் நிற்கிற இடத்தில் முழங்காலிட வேண்டும் என்பது பாடம். மூன்று சாஸ்திரிகளும் ரோட்டைக் கடந்துபோய்ப் புரோட்டாக் கல்லுக்கு முன்னால் முழங்காலிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி இது?” என்றார் பிச்சைக்கண்ணு.

“வாங்கிக்கிடும்வே. நட்சத்திரம் இங்கனதான் நிக்கு,” என்றார் வாத்தியார்.

பொன்னுக்குப் பதிலாக வைத்திருந்த அல்வாப் பெட்டியைப் பிச்சைக்கண்ணு வாங்கிக்கொண்டார். தூபவர்க்கம் கொசுவுக்கு ஆயிற்று. வெள்ளைப்போளப் பிசின் சால்னாவுக்குள் போனதாகக் கேள்வி.

விசாரணைக் கமிட்டிக்கு நீங்கள் என்னைத் தலைவராகப் போட்டீர்கள். கருகிக் கிடந்த மோட்டாரைச் சோதிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஜெபஸ்டின் என் முன்னால் வந்து நின்றான்.

“அத்தான், நான் அதத் தொடவே இல்ல. அது பையதான போவும்,” என்று அழுதான்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலைவராக இருப்பவர் சொந்தக்காரனுக்குச் சாய்வது முறையில்லை. இனி அவன் நட்சத்திரத்தைத் தொடக்கூடாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை வியாழனின் நான்கு நிலாக்களையும் ஆட்டமில்லாமல் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

“மிக்ஸிய எங்கன கொண்டு போனிய?” என்று சாரம்மாள் கேட்டாள். ரிப்பேருக்கு என்றேன். “எந்தம்பி சரியாவே சாப்பிட மாட்டேங்கான்,” என்றாள். நான் மாடிக்கு ஏறினேன்.

இப்போது நீங்கள் இரக்கப்பட்டு, நாளை ஈஸ்டர் நாடகத்தில் அவனைத் தேவதூதனாக்கியிருக்கிறீர்கள். கயிற்றில் கட்டி, கூரையில் மாட்டிய மோட்டாரால் அவனைப் பைய இறக்குவார்கள். முந்தாநாள் ஒத்திகையில் இறக்கை கட்டியதும் அவன் சிரித்தான். இத்தனை மாதத்தில் அன்றுதான் சிரித்தான். அதைப் பார்த்த பிறகு மறைக்க மனம் வரவில்லை. குற்றம் என்னுடையது. நட்சத்திரத்தை அவனுக்கே திரும்பக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். வியாழன் ஓரிடத்தில் நிற்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்வையை விட்டு நகர்ந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே குழாயைப் பைய நகர்த்த இன்னொரு மோட்டார் தேவைப்பட்டது. அதனால் நாளைக்கு ஜெபஸ்டினைக் கயிற்றில் கட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள். நேற்றிலிருந்து கூரையில் இருப்பது எங்கள் கிரைண்டர் மோட்டார். நான் எதையும் சும்மா எடுக்கிறவன் இல்லை, ஐயா.