லீவு லெட்டரில் இறந்தவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் கிரிக்கெட் சங்கச் செயலாளர் அவர்களே, லிஃப்ட் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, அணியின் துணைத் தலைவர் பஸ் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களே (அம்மாவை 'அவர்களே' போட்டுக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை, வீட்டில் தொடர மாட்டேன்), நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டம் யாருக்கோ, நான் அவருடைய மகள். பதினாறு வயது. எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினீர்கள். நான்கு பேரும் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றீர்கள். நன்றி. எனக்கு அது இன்னும் உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பினால் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது இல்லையா, ஆறு நாளாக நான் முழுக்க அப்படித்தான் இருக்கிறேன். இங்கே நான் சிரிக்க வைத்தால் தப்பாக நினைக்காதீர்கள். அழுதால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

என்னிடம் பேச்சு மட்டும் கேட்கவில்லை, ஒரு கடிதமும் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை நம் நாட்டு அணி தகுதிச் சுற்றுக்கு விமானம் ஏற வேண்டும். போவதில்லை என்று சங்கம் முடிவு செய்துவிட்டது. நேற்று செயலாளர் வீட்டுக்கு வந்து, "நீ லெட்டர் பிரமாதமா எழுதுவியாமே பாப்பா! அணித் தலைவர் திடீர் மரணம், அணியே ஆழ்ந்த துக்கத்துல இருக்கு, அதனால கலந்துக்க முடியலன்னு ரெண்டு பாரா எழுதிக் குடும்மா" என்றார். எழுதிவிட்டேன். ஆறு நிமிடம்தான் ஆனது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பிரச்சினை. தாள் இதோ, என் பையில். கூட்டம் முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்று நான் பேசி முடிப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு ஏன் லெட்டர் நன்றாக வரும்? அதைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

யார் அவர்? நாற்பத்தொரு சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர்! ஐந்து வருட அணித் தலைவர்! முதுநிலை லிஃப்ட் மெக்கானிக்! வேலையில் அத்தனை பேரையும் மேலே தூக்கிவிட்டவர், மைதானத்தில் ஒரு பந்தைக்கூடத் தூக்கி அடித்ததில்லை. எல்லாம் தரையோடு தரைதான். அதனால்தான் அணியில் அவருக்கு 'தரைவழி' என்று பெயர். பத்திரிகையில் போட்ட பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "தரைவழி அண்ணே, ஒண்ணே ஒண்ணு ஆகாயத்துல அனுப்புங்க" என்று பள்ளி பஸ் ஓட்டும் நம் பஸ் அண்ணன் கெஞ்சுவார். "மேல போனது எல்லாம் என்னைக்காவது நடுவுல நிக்கும்டா. நான் தினம் பாக்குறேன்" என்பார் அப்பா.

காலை ஐந்தரைக்கு மைதானம். ஏழரைக்கு லிஃப்ட். சாயங்காலம் வீடு, அதாவது சோபாவில் உட்கார்ந்தபடியே தூக்கம். நம் அணியில் எல்லாருக்கும் இதே கதைதான். டிவியில் பார்க்கிற கிரிக்கெட்காரர்களுக்குக் கிரிக்கெட்தான் வேலை. நம்முடையது சின்ன நாடு, சம்பளமில்லாத அணி; நம்மவர்களுக்கு வேலைக்கு நடுவில் கிரிக்கெட்.

வேலைக்கு நடுவில் என்றால் லீவு வேண்டும். அப்பாவின் கம்பெனி லீவு ஃபார்மில் காரணம் என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள். நோய், திருமணம், மரணம். நாட்டுக்காக ஆடப் போகிறேன் என்று முதல் தடவை அப்பா நேரில் கேட்டபோது, "அதுக்குக் கட்டமே இல்லீங்களே" என்றார் மேலாளர். நோய் என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். திருமணம் என்றால் அம்மா விட மாட்டார். மிச்சம் இருந்தது மரணம்.

அப்பாவுக்குப் பொய் வராது. எனக்கு அது ஒன்றுதான் சரளமாக வரும். பன்னிரண்டு வயதில் பேனாவை எடுத்தேன். நான்கு வருடத்தில் பத்தொன்பது பேரைக் கொன்றிருக்கிறேன். ஒன்றுவிட்ட பெரியப்பா, இரண்டுவிட்ட சித்தப்பா, என் கையில் மாட்டியதும் உயிர்விட்ட சித்தப்பா. எல்லாரும் நல்லவர்கள். ஆட்டம் எத்தனை நாளோ அத்தனை நாள் துக்கத்துக்குத் தகுதியானவர்கள்.

எட்டாவது சித்தப்பா இறந்த மறுநாள் பத்திரிகையில் ஒரு சின்னப் படம் வந்தது. அப்பா தரையில் பாய்ந்து கேட்ச் பிடிக்கிறார். மேலாளர் அந்தப் பக்கத்தை மடித்து அப்பாவின் கருவிப்பெட்டி மேல் வைத்து, "உங்க சித்தப்பாவை அடக்கம் பண்ணின எடத்துல புல்லு நல்லா வளந்திருக்குங்க" என்றாராம். அப்பா வேலை போனது என்றே நினைத்தார். மேலாளரோ அடுத்த லெட்டரிலும் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு லெட்டருக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எத்தனை ஓவர் சாவு?"

சார், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். வீட்டில் இந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

களைப்பில் அப்பா லெட்டரைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை, மாமியார் கடித்துவிட்டதால் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது என்று எழுதி வைத்தேன். போட்டார். கொடுத்தார். "எத்தனை ஊசிங்க?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார். ஒன்றும் புரியாமல், அலுவலகமே தன்னைப் பார்ப்பது மட்டும் புரிந்து, "அஞ்சு சார்" என்றிருக்கிறார் அப்பா. வீட்டுக்கு வந்து என் காதைப் பிடித்தவர், "ரெண்டு நாள் மேட்ச்சுக்கு அஞ்சு நாள் கெடச்சிருக்கு. என்ன இருந்தாலும் நல்ல மாமியார்" என்று விட்டுவிட்டார்.

அந்த மூன்று நாளாவது எங்களோடு இருந்தாரா? இல்லை. வலைப் பயிற்சிக்குப் போனார்.

இதையும் சொல்ல வேண்டும். அவருக்கு வருடத்துக்குப் பதினெட்டு நாள் லீவு. பதினெட்டும் கிரிக்கெட்டுக்கு. ஞாயிறு எங்களுக்கு என்று பேச்சு. ஞாயிறும் மேட்ச். லிஃப்ட் நின்றால் ஓட வேண்டிய முறை வரும் ஞாயிறுகளில், உள்ளூர் ஆட்டம் என்றால் அப்பா வேண்டுமென்றே எல்லைக்கோட்டில் நிற்பார். வேலிக்கு இந்தப் பக்கம் அவருடைய போனோடு நான். ஒரு நாள் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டார். பதில் ஆள் கிளம்பிவிட்டார், வந்து சேர இருபது நிமிடம்.

"ஃபேன் ஓடுதான்னு கேளு!" என்று கத்துகிறார் அப்பா.

"ஓடுதாம்!"

"அப்ப மூச்சு முட்டாது. கதவை மட்டும் இழுக்க வேணாம்னு சொல்லு!"

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பந்து மேலே போகிறது. அப்பா ஓடிப் பிடிக்கிறார். மைதானமே கத்துகிறது. போனில் அந்த அம்மா, "என்னம்மா சத்தம்? கதவு தொறந்துடுச்சா?" என்கிறார். "இல்லீங்க, விக்கெட் விழுந்துச்சு" என்றேன். "யாரு அவுட்டு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அன்றைக்கு வீட்டில் அம்மா கடித்துக் குதறிவிட்டார். மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர். "உங்களுக்கு மேல நாடு, கீழ கம்பெனி. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது நானும் புள்ளையும்தான்" என்றார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "ஃபேன் ஓடுதாங்க?" என்று கேட்டார். அம்மா கையிலிருந்த துண்டை அவர் மேல் எறிந்தார். சிரித்துக்கொண்டேதான் எறிந்தார். ஆனாலும் அம்மா சொன்னது பொய்யில்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

ஆறு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது? பயிற்சி முடிந்ததும் அப்பா கம்பெனி வேனில்தான் உடை மாற்றுவார். முதலில் கம்பெனி பேன்ட். பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடுவார். அப்புறம் கம்பெனிச் சட்டை. பேன்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் இருந்ததுதான் அவருடைய ஓய்வு. அன்று சட்டைக்கு வரவில்லை. மாரடைப்பு. அலாரம் அடித்துக்கொண்டே இருந்ததால் மைதானக் காவலாளி கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். இடுப்புக்கு மேலே நாடு, கீழே கம்பெனி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பஸ் அண்ணன் அப்பாவின் போனை என்னிடம் தந்தார். அதில் மேலாளர், 'எங்க இருக்கீங்க?' என்று கேட்டிருந்தார். நான், 'சார், அப்பா இறந்துவிட்டார்' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 'யாரோட அப்பா? எத்தனை ஓவர்?' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

இருபதாவது சாவு. அதுதான் நிஜம். அதைத்தான் நம்ப ஆள் இல்லை.

'நான் அவர் மகள். என் அப்பா' என்று மறுபடி அனுப்பினேன். அவர் எதையோ எழுதுவதாக ரொம்ப நேரம் காட்டியது. எதுவும் வரவில்லை. அரை மணி நேரத்தில் அவரே வந்து நின்றார். ஷூ லேஸ்கூடக் கட்டவில்லை. அன்று முதல் என் மண்டைக்குள் ஒன்று ஓடுகிறது. நான் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கொண்டே வந்தேன், கடைசியில் மிச்சம் இருந்தது அவர்தான் என்று. அபத்தம், எனக்கே தெரியும். ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

அப்பாவை வழியனுப்பும்போது என்ன உடுத்துவது என்று கேள்வி வந்தது. சங்கம் புது ஜெர்சி அனுப்பியது. கம்பெனி தேய்த்த சீருடை அனுப்பியது. இரண்டும் மேசையில் இருந்தன. அம்மா பார்த்தார். "ரெண்டும் வேணாம். வீட்டுச் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார். போய்த் தேடினேன். வீட்டுச் சட்டை என்று அவருக்கு ஒன்று இல்லை. எப்போது போட்டிருப்பார்? போன பிறந்தநாளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது மட்டும் பிரிக்காமல் இருந்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏழு குண்டூசி. கையில் குத்தியது. தெரியவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன்.

செயலாளர் சார், ஆழ்ந்த துக்கத்தால் அணி வர இயலவில்லை என்று எழுதச் சொன்னீர்கள். துக்கம் உண்மை. துக்கத்தால் என்பது உண்மையா? பதினொரு பேர் வேண்டும். லீவு கிடைத்தது எட்டுப் பேருக்கு. அப்பா உயிரோடு இருந்த அன்றும் எட்டுதான், அவரைச் சேர்த்தாலும் ஒன்பதுதான். கடைசி வாரம் முழுக்க அவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். ஆள் இல்லாததால் போகவில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒரு சாவை எழுதுகிறோம்.

அது என் வேலை சார்! நான்கு வருடம் நான் செய்த வேலை! இந்தத் தாளைக் கொடுத்தால் அப்பா என் பட்டியலில் இருபதாவது சித்தப்பா ஆகிவிடுவார். தர மாட்டேன். மன்னிக்க வேண்டும். என்னிடம் இருக்கிற ஒரே நிஜமான சாவு இது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான்கு பேரும் சொன்னீர்கள். எந்தப் பணி? லிஃப்ட்டா, கிரிக்கெட்டா, சோபாவில் தூங்குவதா? எனக்குத் தெரிந்த பணி ஒன்றுதான், லெட்டர் எழுதுவது. அதைத் தொடர்கிறேன். இனிமேல் யாரையும் கொல்ல மாட்டேன் என்று இந்த அவை முன்னால் உறுதி தருகிறேன். பெரியப்பாக்கள் நிம்மதியாக இருக்கலாம்.

மூன்று லெட்டர் கொண்டுவந்திருக்கிறேன். பஸ் அண்ணனுக்காக, மூன்றாவது வரிசையில் இருக்கும் பள்ளி வாகனப் பொறுப்பாளருக்கு ஒன்று. நம் தொடக்க ஆட்டக்காரர் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறார், அவருடைய தலைமை நர்ஸ் அக்காவுக்கு ஒன்று. கதவோரம் நிற்கும் பேக்கரி முதலாளி அண்ணனுக்கு ஒன்று, உங்கள் மாஸ்டரின் சுழற்பந்து இல்லாமல் நாங்கள் எங்கே போவது? மூன்றிலும் காரணம் கிரிக்கெட் என்றுதான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நானே ஒன்று வரைந்தேன். பஸ்ஸை யார் ஓட்டுவது, நோயாளியை யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுங்கள். கோபப்பட மாட்டேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் போட்டி நடத்துபவர்களுக்கு இன்றே எழுதுகிறேன். 'பதினொரு பேர் வருகிறோம்' என்றோ, 'மூன்று பேருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் வரவில்லை' என்றோ முதல் வரி இருக்கும். அது உங்கள் கையில். இரண்டாவது வரி எப்படியும் ஒன்றுதான். அதை இப்போதே படித்துவிடுகிறேன்.

'எங்கள் அணித் தலைவர், முதுநிலை லிஃப்ட் மெக்கானிக், சென்ற வாரம் காலமானார். இதை எதற்கும் காரணமாகக் கூறவில்லை. தகவலுக்காக மட்டுமே தெரிவிக்கிறோம்.'

அவ்வளவுதான். வணக்கம்.