அருக்காணி வீட்டுச் செவலையின் இடது கண்

உப்பள வேலையை ஒருநாள் ஒதுக்கிவைத்து, இந்தப் பந்தலை நிறைத்திருக்கும் பெருமக்களே! கால்நடை முகாமின் நிறைவு விழாவுக்குத் தலைமையேற்று, நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட உப்பள முதலாளி ஐயா தட்சணாமூர்த்தி அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! இடம் கிடைக்காமல் வெயிலில் நிற்கும் அன்னைமார்களே! பந்தலுக்கு வெளியே கட்டப்பட்டிருந்தும் இடையிடையே கருத்துச் சொல்லும் ஆடுகளே, மாடுகளே! அனைவருக்கும் இந்தக் கால்நடை மருத்துவரின் அன்பு வணக்கம்.

என் பெயர் பூவிழி. பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர், அழகாய் வைத்த பெயர். ஆனால் கண்ணில் வெள்ளை படர்ந்தால் இந்த ஊரில் அதற்கு என்ன பெயர்? பூ விழுந்துவிட்டது என்பீர்கள்! நான் கூனிமேட்டுக்கு வந்த முதல் நாளே ஒருவர் சொன்னார்: "மாட்டுக் கண்ணுல வுழுந்த பூவ பாக்க, பூவிழியே வந்துட்டாங்கப்பா!" யார் அவர்? இதோ, துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொள்கிறாரே, ராஜவேல் அவர்கள்தான்! துடைத்தது போதும் ஐயா. இன்று உங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இவர் மனைவி அருக்காணி உப்பளத்தில் உப்பு வாருகிறார். அவர் கன்றாக வாங்கி வளர்த்த செவலைப் பசு, போன கோடையில் மறுபடியும் சினையாக இருந்தது. சாதுவான அந்தப் பசு திடீரென்று உதைக்க ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டியில் மோதியது. பால் கறக்கப் போன ராஜவேலை இடுப்பில் உதைத்து, சாணத்தில் உட்கார வைத்தது. உட்கார்ந்தவர் எழுந்தார், எழுந்தவர் முடிவெடுத்தார்: அடுத்த சந்தையில் மாட்டைத் தள்ளிவிடுவது! சந்தைக்குப் போகும் சண்டி மாடு அதன்பிறகு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அருக்காணிக்குத் தெரியும். அதனால்தான் சந்தைக்கு முதல்நாள் என்னிடம் மாட்டை ஓட்டிவந்தார். பின்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கணவரும் வந்தார்.

"டாக்டரம்மா, இதுக்கு நோவு ஒண்ணுமில்லீங்க. திமிருதான்."

"கண்ணுல தண்ணியா வடியுதே, ராஜவேல்?"

"அது நடிக்குதுங்க! விக்கப்போறேன்னு தெரிஞ்சிபோச்சி, அழுது காட்டுது!"

மாடு நடிக்கிறதாம்! நடிக்கத் தெரிந்திருந்தால் அது ஏன் இவரிடம் சிக்கியிருக்கிறது? சிரிக்காதீர்கள், நீங்களும் குறைந்தவர்கள் இல்லை. அந்தக் கண்ணுக்குத் திருஷ்டி கழித்தது யார்? மருந்தென்று அதில் புகையிலையை மென்று துப்பியது யார்? நானாகப் பெயர் சொல்லமாட்டேன். அவர்களே தலையைக் குனிந்துவிட்டார்கள்.

வலது கண்ணுக்கு நேரே மெல்லக் கையை வீசினேன், இமைத்தது. பாதி மூடிக் கிடந்த இடது கண்ணைத் திறந்து வீசினேன், இமைக்கவில்லை. கருவிழியில் புகைபோல வெள்ளை. உள்ளே ஒளி போகிறதா என்று பார்க்க எனக்கு இருட்டு வேண்டும். உப்பளத்துப் பகலில் இருட்டுக்கு எங்கே போவேன்? உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, என்மீதும் மாட்டின் தலைமீதும் போர்த்தச் சொன்னேன். மாடு மிரளாமல் இருக்க அருக்காணியும் உள்ளே வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வெளியே கூட்டம் கூடிவிட்டது.

"உள்ள என்னாப்பா நடக்குது?"

"மாடு வூட்டுக்காரர் மேல கம்ப்ளெயிண்ட் குடுக்குதுப்பா!"

விளையாட்டாய்ச் சொன்னார்கள். விசாரணை உண்மையாகத்தான் நடந்தது! டார்ச் அடித்தேன், கண்ணின் பாவை சுருங்கியது. அப்பாடா, உள்ளே ஒளி போகிறது! சாயம் தோய்ந்த காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தைக் காட்டினேன். புண் இருந்த இடம் பச்சையாய் மின்னியது. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மூக்கோரம் இருக்கும் உள் இமையை மெல்ல விலக்கினேன். அங்கே ஒளிந்திருந்தது, சவுக்குத் தோப்பில் மேய்ந்தபோது குத்திய ஒரு காய்ந்த ஊசி இலை.

இதுவா திமிர்? இதுவா நடிப்பு? இடப்பக்கம் வருவது ஆளா ஆபத்தா என்று தெரியாமல் அஞ்சிய உயிர், காலை வீசாமல் வேறென்ன செய்யும்?

இலையை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். டார்ச் வெளிச்சம் தற்செயலாய் அருக்காணியின் முகத்தில் பட்டது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்தும் நீர் வடிந்தது.

"அழுவாதீங்க. செவலைக்குச் சரியாயிடும்."

"அழுவலம்மா. உப்புல வெயில் பட்டு எகிறி எகிறி, எப்பவும் இப்படித்தான் வடியுது. அந்த லைட்ட எனக்கும் ஒருதாட்டி அடிச்சிப் பாக்கறியா?"

பெருமக்களே! நான் மனிதர்க்கு மருத்துவம் பார்ப்பவள் இல்லை. ஆனாலும் பார்த்தேன். வெள்ளைவிழியிலிருந்து ஒரு சதை, கருவிழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

தார்ப்பாயை விலக்கி வெளியே வந்து ராஜவேலிடம் சொன்னேன். அவர் மனைவியின் முகத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

அவ்வளவுதான் பேச்சு! பிறகு நடந்ததைக் கேளுங்கள். சந்தை நாளன்று இந்த மனிதர் சந்தைக்குப் போகவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினார். கண் ஆஸ்பத்திரியில் சதையை அகற்றினார்கள். அருக்காணியின் கண் ஆறும்வரை சமையல் ராஜவேல். மாட்டுக்கு மருந்து ராஜவேல். மனைவிக்குச் சொட்டு மருந்தும் ராஜவேல்! குழம்பு எப்படி இருந்தது என்று அருக்காணியைக் கேட்டேன். "கண்ணுதாம்மா தப்பிச்சிது, வயிறு மாட்டிக்கிச்சி" என்றார். கைதட்டுங்கள், ராஜவேலுக்காகவும் தட்டுங்கள்! செவலையின் கண்ணில் மெல்லிய தழும்பு மட்டும் இருக்கிறது. பார்வை திரும்பியது, கன்றும் ஈன்றது.

கண் மருத்துவர் அருக்காணிக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டு உப்பு வாரப் போனால், கூட வேலை செய்யும் மேரிசெல்வி, "ஷூட்டிங் எங்கடி?" என்று கேலி பேசினார். ஆனால் ஒருநாள் வாங்கிப் போட்டுப் பார்த்தவர் திருப்பித் தர மனமில்லாமல் நின்றாராம். "இவ்ளோ நாளா இந்த வெளிச்சத்தையா தாங்கினோம்?" என்றாராம்.

அந்தக் கேள்வியைத்தான் நான் இந்த மேடைக்குக் கொண்டுவந்தேன். பசுவின் கண்ணுக்கு முகாம் நடத்தத் தெரிந்த நமக்கு, பக்கத்தில் நிற்பவளின் கண் தெரியவில்லையா? சமைக்கும் உப்பில் சுவை தேடும் நாம், அதை வாருபவர் விழிகளில் வலி தேடினோமா? தலைவர் அவர்களே, உங்கள் உப்பளத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி கொடுங்கள்! அவர்களுக்கும் ஒரு கண் முகாம் நடத்துங்கள்! என்ன, தலையாட்டுகிறீர்களா? அன்னைமார்களே, பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டிவிட்டார்! ஐயா, அங்கே வெயிலில் நிற்பவர்களுக்குத் தெரியவில்லையாம். எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார்! "எல்லாருக்கும் தர்றேன்" என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! ஒலிபெருக்கி வைத்த தம்பிக்கு என் முதல் நன்றி, ஊரே கேட்டுவிட்டது. உதைவாங்கியும் இங்கே வந்து உட்கார்ந்த ராஜவேலுக்கும், கேட்கத் துணிந்த அருக்காணிக்கும், கடைசிவரை கேட்ட உங்களுக்கும் என் நன்றி. இனி உங்கள் வீடுகளில் எந்தக் கண் கலங்கினாலும், ஏன் என்று கேளுங்கள். போய் வருகிறேன், வணக்கம்!