சவரம் முடியும்வரை

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசைக்கு முகப்பொலிவு தரும் பெரியோர்களே, என் வாயைப் பொறுத்துப் பொறுத்தே பொறுமையில் பட்டம் வாங்கிய தாய்மார்களே, நாளை முதல் மருத்துவமனையில் துயரத்தின் பக்கத்தில் அமரப்போகும் உறுப்புதான ஆலோசகர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை அழைத்தவர் அங்கே தலையில் கைவைத்திருப்பது தெரிகிறது. பதறாதீர்கள் ஐயா, இன்று அடக்கித்தான் வாசிப்பேன்.

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருந்தார். ஊர்வம்பெல்லாம் அவர் கடையில் பிறக்கும். அதற்குக் கைகால் ஒட்டி அனுப்புவது என் தொழில். அவரோ தாடியோடு வாசல் தாண்டாத மனிதர். அத்தனை பேர் தாடையைப் பிடித்தவர், தன் தாடைக்குக் கீழே யார் விரல் பட்டாலும் கூச்சத்தில் நெளிவார்.

ஒருநாள் கடைப்படியில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. மூளை செயலிழந்து அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் அக்காவிடம் தெளிவாகவே சொன்னார். ஆனால் மூச்சுக் கருவி ஊத ஊத, மார்பு ஏறி இறங்குகிறது. கன்னம் வெதுவெதுப்பாக இருக்கிறது. அவள் எதை நம்புவாள்? காதையா, கையையா?

பிறகு ஆலோசகர் ஒருவர் வந்தார். எதிரே உட்காராமல் அக்காவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டார். உறுப்புகளைத் தானமாகத் தரலாம் என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நானே பேசாமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசியவர் எங்கள் சித்தப்பா. "என்னம்மா யோசனை? மண்ணுக்குப் போறதுதானே? சரின்னு சொல்லு."

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் ஆலோசகர்.

"நான் உங்களுக்குத் தோதாத்தானே பேசுறேன்?"

"எனக்குத் தோது எதுவும் இல்லீங்க. முடிவு இவங்களோடது."

கைதட்டுங்கள், ஆனால் மெதுவாக. சித்தப்பா இங்கேதான் இருக்கிறார்.

அக்கா தன் கணவரின் கன்னத்தைத் தடவினாள். "முள்ளா குத்துது. மொதல்ல சவரம் பண்ணணும்." பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "நான் வேண்டாம்னு சொன்னா, பண்ண விடமாட்டீங்களோ?"

"வேண்டாம்னாலும் சவரம் உண்டும்மா. நானும் கூட இருப்பேன்."

கடையைத் திறந்து அவருடைய கத்தியையே எடுத்து வந்தேன். நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, அக்கா நுரை தடவினாள். "ஆடாம இருங்க" என்று அதட்டினாள்.

அவர் ஆடவில்லை. தாடைக்குக் கீழே அவள் விரல் போனது. நெளியவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

காது கேட்டதைக் கை அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

மிச்ச நுரையைத் துண்டால் துடைத்தாள். "போயிட்டாருங்க" என்றாள். துண்டை மடித்து வைத்துவிட்டு, "யாருக்கு ஆகுமோ குடுங்க" என்றாள்.

ஆலோசகர்களே, சம்மதம் வாங்குவதா உங்கள் வேலை? சவரம் முடியும்வரை உடனிருப்பதல்லவா உங்கள் வேலை? சரி என்றாலும் இருங்கள். வேண்டாம் என்றாலும் இருங்கள். சொல்லே வராமல் சுவரைப் பார்த்தாலும் இருங்கள். அவர்கள் வீடு திரும்பிய பிறகும், அந்த அறையில் தனியாக விடப்படவில்லை என்ற நினைவு அவர்களோடு இருக்கும்.

மூன்றாம் வரிசையிலிருந்து அக்கா, 'போதும், இறங்குடா' என்று கை காட்டுகிறாள். அவள் முடிவே முடிவு. நன்றி கூறி இறங்குகிறேன், வணக்கம்.