வாசலோரத்து விருந்தாளி

— ‘உலகத்தின் கூரை மீது ஏறி நின்று, இமயமலைக்கே தோள் தட்டிவிட்டுத் திரும்பிய முதல் தமிழன், வில்லியனூர் மண் ஈன்றெடுத்த மலைச்சிங்கம், தலைமையாசிரியர் மரியசுந்தரம் அவர்களுக்கு இன்று மாலை மாபெரும் பாராட்டு விழா!’ இதை அப்படியே மைக்குல சொல்லணும், மைதீன். ஒரு எழுத்து குறையக் கூடாது.

— சொல்லிடறேன் சார். மைக்செட்டு கட்டி வண்டி வாசல்ல நிக்குது. விழா ஆரம்பிக்கறதுக்குள்ள உறுவையாறு வரைக்கும் ஒரு சுத்து வுட்டுட்டு வந்துடலாம். ஒன்னே ஒன்னுதான். கூரைன்னா ஓடா, தென்னங்கீத்தா?

— யோவ், அது உவமை. பாமீர் மலைக்கு உலகமே வெச்ச பேரு.

— நீங்க போனது ஓஷ்ஷுன்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்து மலைன்னு போன வாரம் சொன்னீங்களே.

— அங்கேருந்து பாமீர் தெரியும்.

— ஓ. தெரியும்.

— நல்லாத் தெரியும். வானம் தெளிவா இருந்தா.

— இருந்துதா சார்?

— மேகமூட்டம். நேரமாகுது மைதீன், நீ வண்டியை எடு.

— கோவிச்சுக்காதீங்க. ஊரு பூரா சுத்திக் கூவப் போறவன் நானு. டீக்கடையில நிறுத்தி நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். ‘முதல் தமிழன்’னு போட்டிருக்கீங்க. உங்க கூட கடலூர் டாக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்களே?

— அந்தம்மா வயசுல சின்னவங்க. அதனால நான்தான் முதல்.

— சரியாப் போச்சு. மேடையில இன்னிக்கு வேற ஒரு விசேஷமும் இருக்குதாமே?

— அதுதான் விசேஷமே! சோவியத் நாட்டுக்கு அடுத்த வருஷம் நம்ம நட்புறவு மன்றம் இன்னொரு குழுவை அனுப்புது. அதே மலை, அதே நடைப்பயணம். குழுவுக்குத் தலைவர் யாருன்னு இன்னிக்கு மேடையில அறிவிக்கப் போறாங்க. ஒன்னு நான், இல்ல பாகூர் தங்கவேல். அந்தாளு பாகூர் ஏரிக்கரையைத் தாண்டி நடந்தவர் இல்லை. நான் பன்னிரண்டாயிரம் அடி உயரக் கணவாயை ஏறிக் கடந்தவன். நீயே சொல்லு, யாரை அனுப்புவாங்க?

— ஏறுனவரைத்தான்.

— அவ்வளவுதான். ‘கணவாய் கடந்த’ன்னு ஒரு வார்த்தையை மலைச்சிங்கத்துக்கு முன்னாடி சேர்த்துக்கோ.

— சேர்த்துட்டேன். அந்த மலையிலேர்ந்தே ஒருத்தர் வராராமே?

— தெமிர்பெக். எங்களைக் கூட்டிக்கிட்டுப் போன வழிகாட்டி. மெட்ராஸ்ல ஏதோ விழாவுக்கு வந்திருக்கான், மன்றத்துக்காரங்க இங்கயும் வரச் சொல்லிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. பரவாயில்ல. அவன் பேசறது ருஷ்ய பாஷை. தமிழ்ல சொல்ல மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா கூட வர்றாங்க. கார் ஆறு மணிக்கு வரும். அந்தம்மா இறங்கின உடனே நான் தனியாப் பாத்து, அவன் என்ன பேசப் போறான்னு சொல்லி வெச்சுடுவேன்.

— அவர் பேசப் போறதை நீங்க எப்டி சார் சொல்லுவீங்க?

— வாழ்த்தத்தான் போறான். அதை ஒழுங்கா வாழ்த்தணும்ல?

— அதுவும் சரிதான். சார், அவங்கல்லாம் எங்காளுங்கதானாமே? தொழுவாங்களா?

— அங்க அதையெல்லாம் வெளிய காட்டிக்க மாட்டாங்க. ஆனா ஒரு தாடிக் கிழவர் ரொட்டியைப் பிக்கறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள ‘பிஸ்மில்லா’ன்னாரு. சாப்பிட்டு முடிச்சதும் எல்லாரும் ரெண்டு கையாலயும் முகத்தைத் தடவிக்கிட்டாங்க.

— சுபுஹானல்லா! அம்மாந்தூரத்துல, பனிக்கு நடுவுல. கேக்கவே ஒரு மாதிரியா இருக்குது சார். எங்க வூட்ல கைருன்னிசா கேட்டா சந்தோஷப்படுவா. இன்னா குடிப்பாங்க?

— குதிரைப் பால்.

— யா அல்லா!

— புளிக்க வெச்சது. மோர்ல சோடாவை ஊத்தின மாதிரி நாக்குல சுர்ருங்கும். தோல்பையில ஊத்திக் கடைஞ்சுக்கிட்டே இருப்பாங்க. நான் ஒரு கிண்ணம் முழுசாக் குடிச்சேன்.

— குடிச்சுட்டு?

— குடிச்சுட்டு வெளியில போனேன். கொஞ்ச நேரம் வெளியிலயே இருந்தேன். அது பேச்சுல வராது, விடு.

— சரி சரி. அந்த தெமிர்பெக்குக்கு எங்க சார் நாற்காலி? மேடையிலயா?

— மேடை முழுக்க கொம்யூன் பஞ்சாயத்துக்காரங்களுக்கே சரியாப் போச்சு. மண்டபத்துக்குள்ள, வாசலோரமா, காத்தாட தனி நாற்காலி. வெள்ளைத் துண்டு விரிச்சு. உன் மச்சான் அக்பர் அலிகிட்ட காலையிலயே சொல்லிட்டேன்.

— அக்பர் செஞ்சுடுவான். ஆனா வாசலோரம் காபி அண்டா வெச்சிருப்பாங்களே சார்.

— இருந்துட்டுப் போகட்டும். வாசல்தான்யா மரியாதையான இடம். கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தா நாற்காலியை எங்க போடுவோம்? வாசலோரம். காத்து வரும், வர்றவன் போறவன்லாம் வணக்கம் வைப்பான். நான் அங்கயும் அப்படித்தான் உக்காந்தேன்.

— எங்க, மலை மேலயா?

— அவங்க கூடாரத்துல. கம்பளியில செஞ்ச வட்டக் கூடாரம், ஒரே ஒரு வாசல். உள்ள நுழைஞ்ச உடனே டாக்டரம்மாவும் மத்தவங்களும் எங்க இடம் காட்டினாங்களோ அங்க, உள்ளுக்குள்ள போய் ஒடுங்கிட்டாங்க. நமக்குன்னு ஒரு தகுதி இருக்குல்ல? நான் வாசலோரம் கம்பீரமா உக்காந்தேன்.

— பனி கொட்டுச்சுன்னீங்களே. காத்து எதுக்கு?

— மரியாதைக்கு.

— குளிரல?

— பல்லு தந்தியடிச்சுது. ஆனா பலன் உடனே தெரிஞ்சுது, மைதீன்! வீட்டுக்காரன் எழுந்து வந்தான். அத்தனை பேரு உக்காந்திருக்க, கெட்டிலைக் கொண்டாந்து என் கையில கொடுத்தான்.

— கெட்டிலா? எதுக்கு?

— தேநீர் ஊத்த.

— யாருக்கு?

— எல்லாருக்கும். தலைமை விருந்தாளிதான் சபைக்கே ஊத்தணும்கிறது அவங்க பண்பாடு. பேச்சுல அதுக்குன்னு ஒரு பகுதியே வெச்சிருக்கேன். ‘கெட்டில் அல்ல அது, செங்கோல்!’

— நல்லா இருக்குது சார். நீங்க போறதுக்கு முன்னாடி யாரு ஊத்திக்கிட்டு இருந்தா?

— அந்த வீட்டுச் சின்ன மருமக.

— நீங்க குந்துனப்புறம்?

— உள்ள போய் டாக்டரம்மா பக்கத்துல சாய்ஞ்சு உக்காந்துது. நல்ல பொண்ணு. என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுது.

— சிரிக்காம இன்னா பண்ணும், பாவம். அப்புறம்?

— ஊத்தினேன். அவங்க ஊருக் கிண்ணத்துக்குக் காது கிடையாது. தெமிர்பெக் ‘பாதி, பாதி’ன்னு கையைக் காட்டினான். நான் கேப்பேனா? நம்ம ஊர்ல பாதி டம்ளர் கொடுத்தா என்ன பேசுவாங்க? விளிம்பு தளும்பத் தளும்ப ஊத்தினேன். குடிச்சாங்க, ஒவ்வொருத்தரா எழுந்து வெளியில போயிட்டாங்க.

— எங்க?

— அதான் எனக்கும் புரியலை. அவங்க கூடாரம், அவங்களே எழுந்து போயிட்டாங்க. பிறகுதான் தெமிர்பெக் விளக்கினான். பாதி ஊத்தினா ‘இருங்க, இன்னும் ஊத்தறேன்’னு அர்த்தமாம். முழுசா ஊத்தினா ‘குடிச்சுட்டுக் கிளம்பு’ன்னு அர்த்தமாம்.

— வூட்டுக்காரனையே கிளப்பிட்டீங்களா! அந்தத் தாடிக் கிழவருமா போனாரு?

— அவரைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

— பெரியவரு அவரு எங்க சார் குந்தியிருந்தாரு?

— வாசலுக்கு நேரெதிர்ல, கடைசியில. மெத்தை மேல மெத்தை போட்டு. அவர் சொன்னா அந்த மலையில மறுபேச்சு கிடையாது.

— அவருக்குப் பக்கத்துல?

— டாக்டரம்மா. அப்புறம் வீட்டுக்காரனோட அண்ணன்கள். அப்புறம் எங்க ஆளுங்க. அப்புறம் வயசுப் பசங்க.

— அதுக்கப்புறம் நீங்க.

— அதுக்கப்புறம் நான்.

— கறி வந்துதா?

— ஆட்டுத்தலையே வந்துது! டாக்டரம்மா முன்னாடி வெச்சாங்க. அவங்க அதுல இருந்து காதை அறுத்து ஒருத்தருக்கு, கன்னத்தை அறுத்து ஒருத்தருக்குன்னு...

— உங்களுக்கு?

— எனக்குக் கடைசியா வந்துது. ஊத்தற வேலை இருந்துதுல்ல.

— இன்னா வந்துது?

— கழுத்தெலும்பு மாதிரி ஒன்னு. அதை விடு.

— சார்.

— என்ன?

— ஒன்னுமில்ல சார்.

— சொல்லுய்யா.

— தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. செருப்பு, பூட்ஸெல்லாம் எங்க கழட்டுவாங்க?

— வாசலோரம். எனக்குப் பக்கத்துலதான்.

— எங்க நிக்காஹ் விருந்துலயும் செருப்பு கிடக்கற எடத்துல யாரு குந்துறாங்களோ அவங்க கையிலதான் தண்ணி ஜக்கைத் திணிப்போம்.

— ஜக்கையா?

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார். செங்கோலாவும் இருக்கலாம்.

— அந்த மருமக அதுக்காகவா சிரிச்சுது?

— எத்தனை கூடாரம் சார் இப்டி?

— எல்லாக் கூடாரமும். நான் எங்க போனாலும் வாசலைத்தானே தேடிப் பிடிச்சு உக்காந்தேன்.

— அந்த தெமிர்பெக்கு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே!

— கையைப் பிடிச்சு உள்ள இழுத்தான்யா. ஒரு தடவை இல்ல. நான்தான் உதறிட்டேன். எனக்குக் கிடைச்ச கௌரவத்தைப் பறிச்சு டாக்டரம்மாவுக்குக் கொடுக்கப் பாக்கறான்னு நெனச்சேன்.

— வுடுங்க சார். எங்கயோ சோவியத்துல நடந்தது. இங்க யாருக்குத் தெரியும்?

— அவனுக்குத் தெரியுமே! ஏய் மைதீன், அந்த நாற்காலி! அவனைப் போய் வாசல்ல உக்கார வெச்சா என்ன நெனப்பான்? உன் மச்சானைக் கூப்பிடு. வாசல்லேர்ந்து எடுத்து உள்ள போடச் சொல்லு. மேடையில போடச் சொல்லு. என் நாற்காலியில வேணா போடச் சொல்லு.

— பதறாதீங்க. கார் ஆறு மணிக்குன்னுதானே சொன்னீங்க? நான் இப்பவே மண்டபத்துக்கு... அட, அக்பரே ஓடியாறான். இன்னா மச்சான்?

— சாரு இங்கதான் இருக்காரா? அப்பாடா! மச்சான், அந்த மலைக்காரரு வந்துட்டாரு. காரு முன்னாடியே வந்துடுச்சு.

— எங்கய்யா உக்கார வெச்ச, அக்பர் அலி?

— நீங்க சொன்ன எடத்துலதான் சார். வாசலோரம், வெள்ளைத் துண்டு விரிச்சு.

— உக்காந்தானா?

— குந்துனாரு. மேடையைப் பாத்தாரு, சனத்தைப் பாத்தாரு, பக்கத்துல காபி அண்டாவைப் பாத்தாரு. ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. எந்திரிச்சு சட்டைக் கையை மடிச்சு வுட்டுட்டாரு.

— சேசுவே!

— வந்தவங்களுக்கெல்லாம் அவருதான் காபி ஊத்தறாரு. அதுவும் பாதி டம்ளர்தான். கொம்யூன்காரங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காங்க.

— கரண்டியை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானேடா கையிலேர்ந்து!

— நாங்க நாலு பேரு இழுத்துப் பாத்துட்டோம் சார். குடுக்க மாட்டேங்கறாரு. நல்ல பலம். ஏன் இப்டி பண்றீங்கன்னு கேட்டதுக்கு, அந்த மெட்ராஸ் அம்மாவைக் கூப்பிட்டு மைக்குலயே பதில் சொல்லிட்டாரு.

— மைக்குலயா? மச்சான், யாரைக் கேட்டு மண்டபத்து மைக்கைப் போட்ட?

— டெஸ்ட்டிங் போட்டிருந்தேன் மச்சான். கோயில் தெரு வரைக்கும் கேட்டுச்சு.

— என்னடா சொன்னான்?

— உங்களைப் பத்தி ரொம்ப ஒசத்தியாத்தான் சார் சொன்னாரு! ‘எனக்கு இந்த எடத்தைக் குடுத்தது மரியசுந்தரம்தான்னாங்க. ரொம்ப நியாயம். எங்க மலையில மத்தவங்கெல்லாம் கணவாய் ஏறப் போனப்ப, அவரு ஒருத்தருதான் கூடாரத்துல தங்கிக் கிண்ணமெல்லாம் கழுவி வெச்சாரு. இன்னிக்கு என் முறை’ன்னாரு. மண்டபமே கை தட்டுச்சு சார். பாகூர் தங்கவேல் சாரு எந்திரிச்சு நின்னு தட்டுனாரு. இன்னும் நிறுத்தல.

— சார்... கணவாய் ஏறலையா நீங்க?

— ஏறலை. கிண்ணம் நெறைய இருந்துது.