நாசில் அடைப்பு

சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய இருவர், கடலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார்.

"எங்கூட வேலை பாக்குற செல்வத்துக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டு மாமா. அப்பவும் நாசில் அடைப்ப எடுத்தாச்சான்னு கேக்குறான்."

"எப்படிப்பா ஆச்சு?"

"நாசில் வழியா தண்ணியப் பீச்சி பார்ட்ஸ் கழுவுற மிஷின் அது. கதவத் தொறந்தா பம்பு ஓடக் கூடாது. அதுக்குன்னு கதவுல இருக்குற சுவிட்ச் கெட்டுப்போனதும், வேலை நிக்கக் கூடாதுன்னு அது இல்லாமலே பம்பு ஓடுற மாதிரி ஒயர நேரா முறுக்கி விட்டுட்டாங்க. இவன் உள்ள குனிஞ்சு அடைப்பக் குத்திட்டிருந்தான். தெரியாம ஒருத்தன் ஸ்டார்ட்ட அமுக்கிட்டான். காஸ்டிக் சோடா கலந்த கொதிதண்ணி மூஞ்சியில அடிச்சிடுச்சு."

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

"எடுத்தாச்சு, தூங்குடான்னேன்."

"நெசமாவே எடுத்தாச்சா?"

"இல்ல மாமா. யாரும் கிட்டப் போகல. இன்னைக்கு ஷிப்ட்டுல என்னை எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"சுவிட்ச மாத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."