பொண்ணு பேரைக் காணோம்

ஹரிதா: பேச்சி, திரும்பவும் பொண்ணு பேரைக் காணோம்!

பேச்சிராஜா: மாப்பிள்ளை பேரு பளிச்சுன்னு தெரியுதுல்லா?

ஹரிதா: அதான்டா பிரச்சினையே! உன் ஸ்டைல் என் கார்டுல வந்து ஏறறது.

சாதனா: அரே, என்ன சத்தம்? விக்ரோலி ஸ்டேஷன் வரைக்கும் கேக்கறது. எந்த கிளையண்ட்?

பேச்சிராஜா: கிளையண்ட் இல்லக்கா... என் கல்யாணப் பத்திரிகை. வெப்சைட்டா பண்ணுதோம். சாயங்காலம் லிங்க் அனுப்பணும்.

சாதனா: கல்யாணமா! டீம் லீடர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பொண்ணு யாரு?

பேச்சிராஜா: அது வந்து... ஹரிதா, நீ பிரச்சினையைச் சொல்லேன்.

ஹரிதா: மாப்பிள்ளை கார்டு இவன் பண்ணினான். செவப்பு பேக்ரவுண்ட், வெள்ளை எழுத்து. பொண்ணு கார்டு நான். வெள்ளைல செவப்பு எழுத்து. ரெண்டையும் ஒரே பேஜ்ல போட்டா, பொண்ணு பேரு வெள்ளைல வெள்ளையா மறைஞ்சு போறது.

பேச்சிராஜா: ஒடனே இவ, தன் ரூல்தான் ஒசத்தின்னு 'இம்பார்ட்டன்ட்' போட்டா. என் பேரு செவப்புல செவப்பா போச்சு!

ஹரிதா: பதிலுக்கு நீயும் ஒண்ணு போடலை?

சாதனா: ஐயோ, போதும்! லேப்டாப்பைக் குடு.

பேச்சிராஜா: ஸ்டைல் ஃபைல் மட்டும் பாருங்கக்கா. மத்தது வேண்டாம்.

சாதனா: ஏன், அதுல என்ன... சரி. இதோ, ரெண்டு ஃபைல்லயும் எழுத்து ஸ்டைலுக்கு வெறும் 'நேம்'னு ஒரே கிளாஸ் பேரு. எது யாரோடதுன்னு பிரௌசருக்கு ஜோசியமா தெரியும்? கடைசியா வந்ததை ரெண்டு கார்டுக்கும் பூசிடும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கார்டு பேரை முன்னாடி சேருங்கோன்னு!

பேச்சிராஜா: இவதான் மொதல்ல 'நேம்'னு வச்சா...

ஹரிதா: பொய்! நீதான்!

சாதனா: அரே பஸ், சண்டை போதும்! ஹரிதா, அவன் கல்யாணத்துக்கு நீ ஏன் கண்ணைக் கசக்கறே?

ஹரிதா: கசக்கலை. எரிச்சல்.

சாதனா: 'மாப்பிள்ளை-நேம்'. 'பொண்ணு-நேம்'. ரெண்டு இம்பார்ட்டன்ட்டும் எடுத்தாச்சு. பேச்சி, பேஜ்லயும் கிளாஸை மாத்து.

பேச்சிராஜா: மாத்திட்டேன். நீங்க சாய் குடிச்சிட்டு வாங்கக்கா, நான்...

சாதனா: திருப்புடா இங்க! ஆங், இப்போ ரெண்டும் தெரியறது. பேச்சிராஜா... ஹரிதா... ஹரிதாவா?

பேச்சிராஜா: ஆமாக்கா, இவதான்.

சாதனா: அடிப்பாவி! மாட்டுங்கா வீட்டுல உன் அம்மாக்குத் தெரியுமா?

ஹரிதா: லிங்க் போனாத்தான் தெரியும். வாயால சொல்ல எனக்கு தைரியம் வரலைக்கா... அதுலயும் என் பேரு தெரியலைன்னா எப்படி?